தண்ணீர் வெளியேறாத வாஷிங் மெஷின்: போர்டை மாற்றுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை

ஆறு வருடம் ஓடிய ஃப்ரண்ட் லோடு மெஷின். நேற்று ராத்திரி துண்டுகளும் பிள்ளைகளின் யூனிஃபார்மும் போட்டிருக்கிறீர்கள். துவைத்துவிட்டது, ஆனால் தண்ணீரை வெளியே தள்ளவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் தண்ணீர் தெரிகிறது, கதவு திறக்கவில்லை, திரையில் ஏதோ ஒரு கோட் மின்னுகிறது. போனில் பேசிய சர்வீஸ்காரர் மெஷினைப் பார்க்காமலே "பம்ப் போயிருக்கும், போர்டும் போயிருக்கலாம்" என்று ஒரு பெரிய தொகையைச் சொல்லிவிட்டார். இதை நானே சரிசெய்ய முடியுமா என்பது நீங்கள் எழுதிய கேள்வி. எழுதாமல் விட்ட கேள்வி, அவர் சொன்னதை நம்பலாமா என்பது. இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

நான் வீட்டு உபயோகப் பொருட்கள் பழுது பார்க்கும் தொழிலில் பல வருடமாக இருக்கிறேன். செமி ஆட்டோமேட்டிக்கில் ஆரம்பித்து இப்போது வரும் இன்வெர்ட்டர் மெஷின்கள் வரை பிரித்துப் பார்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் உறுதியாகச் சொல்ல முடிந்த ஒன்று உண்டு. திரையில் வரும் கோட் எந்தப் பாகம் கெட்டது என்று சொல்வதில்லை. எல்ஜியில் ஓஇ, சாம்சங்கில் 5இ அல்லது 5சி, போஷில் இ18 என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கோட் இருக்கும். எல்லாவற்றுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: "தண்ணீரை வெளியேற்றச் சொன்னேன், எனக்குக் கொடுத்த நேரத்துக்குள் அது போகவில்லை." ஏன் போகவில்லை என்பது மெஷினுக்குத் தெரியாது. சட்டைப் பையிலிருந்து விழுந்த ஒரு ரூபாய் காசு தடுத்தாலும் அதே கோட்தான், மெஷினை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டு எரிந்துபோனாலும் அதே கோட்தான். அதனால் கோடைக் கேட்டதும் போர்டு என்று ஒருவர் சொன்னால் அது ஊகம். சரியாகவும் இருக்கலாம். ஆனால் அதற்கு முன்னால் காசு செலவில்லாமல் பார்க்கக்கூடியவை நிறைய இருக்கின்றன.

முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே வெளியே எடுத்து வையுங்கள். வெந்நீரில் துவைக்கும் புரோகிராம் போட்டிருந்தால் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். அறுபது டிகிரி தண்ணீர் கையில் கொட்டினால் தோல் வெந்துவிடும். கதவை இழுத்து உடைக்காதீர்கள். உள்ளே தண்ணீர் இருக்கிறது என்று சென்சார் சொல்லிக்கொண்டிருக்கும்வரை பூட்டைத் திறக்காமல் வைப்பது மெஷினின் வேலை, அது கெட்டுப்போனதன் அறிகுறி இல்லை. தண்ணீர் இறங்கி, கரண்ட் நின்று, ஓரிரண்டு நிமிடம் போனால் பெரும்பாலான பூட்டுகள் தானாகவே விடும். சில மாடல்களில் கீழே ஃபில்டர் மூடிக்குப் பின்னால் அவசரத்துக்கு இழுக்கும் சின்ன நாக்கு ஒன்று இருக்கும். தண்ணீர் நிற்கும்போது அதை இழுத்தால் மொத்தமும் தரையில் வந்துவிடும், அதனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது தண்ணீரை இறக்க வேண்டும். அதற்கு முன் மெஷினின் பின்னாலிருந்து வரும் டிரெயின் பைப் எங்கே போகிறது என்று பாருங்கள். அது சிங்க்குக்குக் கீழே உள்ள லைனில் சொருகியிருந்தால் வெளியே எடுத்து, அதன் முனையை ஒரு பெரிய பக்கெட்டுக்குள் விடுங்கள். பிறகு பிளக்கை மாட்டி ஸ்பின் மட்டும் அல்லது டிரெயின் மட்டும் என்ற புரோகிராமைப் போடுங்கள். பக்கெட்டில் தண்ணீர் சீறிக்கொண்டு வந்தால் உங்கள் மெஷினில் ஒரு குறையும் இல்லை, வீட்டுக் கழிவுநீர்க் குழாயில்தான் அடைப்பு. அடுக்குமாடி வீடுகளில் சமையலறை சிங்க்கும் மெஷினும் ஒரே லைனில் போகும். அதில் சாதப்பருக்கை, டீத்தூள், எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் வருடக்கணக்கில் படிந்து குழாய் குறுகிவிடும். சிங்க் மெதுவாகத் தண்ணீரை விழுங்கிச் சமாளித்துவிடும், மெஷின் ஒரே வேகத்தில் தள்ளும்போது தாங்காது. இந்த இடத்தில் கூப்பிட வேண்டியது பிளம்பரை. பம்பை மாற்றியும் சரியாகாமல் பிறகு கண்டுபிடித்த வீடுகள் எனக்குத் தெரியும். பக்கெட் நிரம்பும் வேகத்தைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், நிரம்புவதற்குள் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் பட்டனை அழுத்தினால் நின்றுவிடும்.

பக்கெட்டில் ஒன்றும் வரவில்லையா? மறுபடி பிளக்கை எடுத்துவிட்டு, பைப்பை மெஷின் முதுகில் உள்ள கிளிப்பிலிருந்து கழற்றி, முனையைத் தரையோடு தரையாக பாத்ரூம் ஜாலியில் கிடத்துங்கள். டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் தொட்டியான டப்பை விடத் தாழ்வாக இருப்பதால், வழி அடைபடாமல் இருந்தால் பம்ப் ஓடாமலே தண்ணீர் தானாக வெளியே வரும். வந்தால் இரட்டை லாபம்: தண்ணீரும் இறங்கிவிடும், வழி சரியாக இருக்கிறது, சந்தேகம் பம்ப் பக்கம் என்றும் தெரிந்துவிடும். வராவிட்டால் அடைப்பு என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். சில மெஷின்களில் பைப் உள்ளேயே மேலே ஏறி, முதுகின் உச்சியிலிருந்துதான் வெளியே வரும். அந்த அமைப்பில் தரையில் கிடத்தினாலும் தானாக ஓடாது.

அப்போது முன்பக்கம் கீழே, பெரும்பாலும் வலது மூலையில், ஒரு சின்ன மூடி இருக்கும். அதைத் திறந்தால் வட்டமான ஃபில்டர். பல மாடல்களில் பக்கத்திலேயே ஒரு மெல்லிய ரப்பர் குழாய், முனையில் அடைப்பானோடு இருக்கும். அந்தக் குழாயை வெளியே இழுத்து, அடைப்பானை எடுத்தால் தண்ணீர் மெதுவாக வரும். மெஷின் எவ்வளவு இழுத்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பத்து லிட்டர், சில சமயம் அதற்கு மேலும் வரும், பொறுமை வேண்டும். குழாய் இல்லாத மாடல் என்றால் பழைய துண்டுகளை விரித்து, குப்பை அள்ளும் பிளாஸ்டிக் முறத்தை ஃபில்டருக்குக் கீழே சொருகி, ஃபில்டரைக் கால் சுற்று மட்டும் தளர்த்துங்கள். முறத்தில் வழிந்து வருவதை மக்கில் அள்ளுங்கள், முறம் நிறைந்தால் ஃபில்டரைத் திரும்ப இறுக்குங்கள். இப்படியே விட்டு விட்டு எடுக்க வேண்டும். ஒரே மூச்சில் கழற்றியவர்கள் வீட்டில் சோபா வரைக்கும் தண்ணீர் போயிருக்கிறது.

தண்ணீர் முழுக்க இறங்கியபின் ஃபில்டரை வெளியே எடுங்கள். திருகும்போது வரவே இல்லை என்றால், உப்பு படிந்தோ ஊக்கு குறுக்கே மாட்டியோ இருக்கும். போர் தண்ணீர் வீடுகளில் இது சாதாரணம். கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுங்கள், கட்டிங் பிளேயரால் முறுக்கினால் பிடி உடைந்துவிடும். உள்ளே என்ன கிடைக்கும் என்பதை வைத்தே அந்த வீட்டு மனிதர்களைச் சொல்லிவிடலாம். ஹேர்பின், ஊக்கு, சட்டைப் பித்தான், பூ கட்டிய நார், ஒட்டும் பொட்டு, விபூதி மடித்த காகிதம், பஸ் டிக்கெட் கூழ், குழந்தையின் ஒற்றை சாக்ஸ், உள்ளாடையிலிருந்து வெளியே வந்த வளைந்த கம்பி. இந்தக் கம்பிதான் எல்லாவற்றிலும் மோசம். டிரம் ஓட்டை வழியாக இறங்கி நேராகப் பம்ப் வாயில் போய் நிற்கும்.

ஃபில்டரைக் கழுவினால் வேலை முடிந்தது என்று நிறையப் பேர் மூடிவிடுகிறார்கள். அந்தக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியில் சின்ன விசிறி போல ஒரு பாகம் தெரியும், அதுதான் பம்ப் இம்பெல்லர். பிளக் வெளியே இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துக்கொண்டு, விரலாலோ ஒரு குச்சியாலோ அதைச் சுற்றிப் பாருங்கள். இங்கே ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரும்பாலான மெஷின்களில் இது காந்தம் வைத்த பம்ப். அதனால் இம்பெல்லர் வழுக்கிக்கொண்டு சுற்றாது, திக்கித் திக்கி, ஒவ்வொரு இடத்திலும் பிடித்து விடுவது போலச் சுற்றும். சுற்ற ஆரம்பிக்கும் முன் கொஞ்சம் தொளதொளப்பும் இருக்கும். இரண்டுமே இயல்பு. இதைப் பார்த்துவிட்டு "பம்ப் ஜாம்" என்று புதுசு வாங்கியவர்கள் உண்டு. உண்மையான ஜாம் என்றால் ஒரு இடத்துக்கு மேல் அசையவே அசையாது, அல்லது நூலும் முடியும் தண்டில் சுற்றிக்கொண்டு இழுக்கும். அந்த நூலைச் சின்னக் கத்தரிக்கோலால் வெட்டி, இடுக்கியால் உருவி எடுத்துவிடலாம். விசிறியின் இறக்கை ஏதாவது உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

குழியின் பக்கவாட்டிலோ மேலேயோ டப்பிலிருந்து தண்ணீர் வரும் வழி இருக்கும். ஃபில்டரைக் கழற்றியும் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, ஆனால் டிரம்மில் தண்ணீர் அப்படியே நிற்கிறது என்றால், டப்புக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் சாக்ஸோ கைக்குட்டையோ மாட்டியிருக்கிறது. வளையும் கம்பியால் இழுக்கப் பார்க்கலாம். வராவிட்டால் மெஷினைச் சாய்த்தோ பலகையைக் கழற்றியோ குழாயைத் தனியாக எடுக்க வேண்டும். ஃப்ரண்ட் லோடு மெஷின் உள்ளே எடைக்காகக் கான்கிரீட் கட்டி வைத்திருப்பார்கள். ஏழு கிலோ மாடலே அறுபது கிலோவுக்குப் பக்கம் இருக்கும். தனியாளாகச் சாய்க்க வேண்டாம். அப்புறம், சில மெஷின்களில் அந்தக் குழாய்க்குள் ஒரு ரப்பர் பந்து இருக்கும். சோப்பு வீணாகக் கீழே இறங்காமல் இருக்க கம்பெனியே வைத்தது. குப்பை என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாம் சுத்தம் செய்து, ஃபில்டர் ரப்பரைத் துடைத்து, மரை பிசகாமல் நன்றாக இறுக்கி மூடுங்கள். துணியை வெளியே எடுத்துவிட்டு டிரம்மில் இரண்டு மூன்று மக் தண்ணீர் ஊற்றி, ஃபில்டர் ஓரம் கசிகிறதா என்று பாருங்கள். கசியவில்லையென்றால் ஸ்பின் மட்டும் போட்டுவிட்டு, டிவியை நிறுத்திவிட்டு மெஷின் பக்கத்தில் உட்காருங்கள். பம்ப் போடும் சத்தம் பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

புரோகிராம் ஆரம்பித்ததும் ர்ர்ர் என்று சீரான இரைச்சல், பைப்பில் தண்ணீர் ஓடும் சலசலப்பு, கடைசியில் காற்றை உறிஞ்சும் குர்ர்ர். இப்படி வந்தால் சரியாகிவிட்டது, துணியைத் திரும்பப் போட்டு அலசிக்கொள்ளலாம். ம்ம்ம் என்று முனகல் மட்டும் வந்து தண்ணீர் வராவிட்டால் பம்புக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை. ஏதோ தடுக்கிறது, அல்லது உள்ளே இருக்கும் காந்தத் தண்டு உப்புப் படிந்து பிடித்துக்கொண்டது. இந்த முனகல் வந்தால் போர்டு பெரும்பாலும் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம், ஏனென்றால் கரண்ட் அனுப்புவதுதான் அதன் வேலை. இரைச்சல் நன்றாக வந்தும் தண்ணீர் வரவில்லை என்றால் மூன்று சாத்தியம்: இம்பெல்லர் தண்டிலிருந்து கழன்று உள்ளே வெறும் தண்டு சுற்றுகிறது, அல்லது பம்புக்குப் பிறகு டிரெயின் பைப் அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் வாயில் காற்று நிற்கிறது. காற்று என்றால் இன்னும் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றி மறுபடி போட்டால் போய்விடும். இன்னொரு வகையும் உண்டு. முதலில் ஓடும், கொஞ்ச நேரத்தில் நிற்கும், அரை மணி கழித்துப் போட்டால் திரும்ப ஓடும். பல பம்புகளில் சூடானால் தானே நிறுத்திக்கொள்ளும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது. தடையோடு போராடிச் சூடாகிறது, அல்லது பம்ப் கடைசிக் காலத்தில் இருக்கிறது. சத்தமே இல்லை, ஒரு அசைவும் இல்லை என்றால்தான் கரண்ட் பக்கம் போக வேண்டும். அதற்கு முன் பைப்பை முடித்துவிடலாம்.

டிரெயின் பைப்பின் வளைவுகளில் மெஷின் சுவரோடு நெருங்கி நசுக்கியிருக்கிறதா பாருங்கள். தரை துடைக்க மெஷினை நகர்த்தித் திரும்பத் தள்ளிய மறுநாளே இந்தப் புகார் வரும். பைப்பைக் கழற்றி பாத்ரூம் குழாயில் பொருத்தித் தண்ணீர் விட்டாலே உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். உயரத்தையும் கவனியுங்கள். பெரும்பாலான ஃப்ரண்ட் லோடு கையேடுகளில் பைப் முனை தரையிலிருந்து சுமார் 60 முதல் 100 செ.மீ. உயரத்துக்குள் இருக்கச் சொல்லியிருப்பார்கள். அதைவிட மேலே ஏற்றினால் பம்ப் திணறும். பால்கனியிலிருந்து பாத்ரூம் வரை கூடுதல் பைப் ஒட்டிப் பல அடி நீட்டினாலும் அதேதான், தண்ணீர் போகும் ஆனால் மெஷின் எதிர்பார்க்கும் நேரத்துக்குள் போகாது. ரொம்பத் தாழ்வாக வைத்தால் வேறு சிக்கல்: தண்ணீர் ஏற ஏற ஒரு பக்கம் தானாக வடிந்துகொண்டே இருக்கும், மெஷினில் தண்ணீர் நிறையவே நிறையாது. இங்கே எலியையும் சொல்லாமல் விட முடியாது. அடிப்பக்கம் திறந்திருக்கும் மெஷினுக்குள் எலி புகுந்து குழாயையும் வயரையும் கடிப்பது நம் ஊரில் தினசரி நடப்பது. கடித்த பைப் அடைக்காது, கசியும். ஆனால் கடித்த வயர் பம்பை நிறுத்திவிடும்.

நுரையையும் ஒரு காரணமாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் இதை யோசிப்பதே இல்லை. கையால் துவைக்கும் பவுடரை ஃப்ரண்ட் லோடில் போட்டால், குறைந்த தண்ணீரில் டிரம் அடித்து அடித்து நுரை மலையாகப் பொங்கும். பம்ப் தண்ணீரைத் தள்ளும், நுரையைத் தள்ளாது. கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருந்தால் மெஷினை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். நுரை அடங்கியபின் துணி மென்மையாக்கும் திரவம் கொஞ்சம் ஊற்றி அலசல் போட்டால் மீதியும் அடங்கும். உங்கள் கேள்வியில் நுரை பற்றி ஒன்றும் இல்லை, அதனால் உங்களுக்கு இது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. ஆனால் துண்டுகள் போட்டிருக்கிறீர்கள், அளவுக்கு மீறிப் பவுடர் விழுந்திருந்தால் யோசியுங்கள்.

இதற்கு நேர்மாறான ஒரு கேஸும் உண்டு: டிரம்மில் சொட்டுத் தண்ணீர் இல்லை, ஆனாலும் பம்ப் நிற்காமல் ஓடி அதே கோட் வரும். மெஷின் தண்ணீரைக் கண்ணால் பார்ப்பதில்லை. டப்பின் அடியில் ஒரு சின்னக் காற்றறை, அதிலிருந்து மெல்லிய குழாய் மேலே இருக்கும் அழுத்த சென்சாருக்குப் போகும். தண்ணீர் ஏறினால் குழாயில் காற்று அழுந்தும், இறங்கினால் தளரும். அந்த அறையில் சோப்புச் சேறு அடைத்துவிட்டால், தண்ணீர் போனபின்னும் அழுத்தம் அப்படியே மாட்டிக்கொண்டு நிற்கும். மெஷினுக்கு அது தண்ணீராகத்தான் தெரியும். மேல் பலகையைக் கழற்றி, அந்தக் குழாயைச் சென்சாரிலிருந்து பிரித்தபின், டப் பக்கமாக வாயால் ஊதினால் பல சமயம் சரியாகிவிடும். சென்சாரோடு சேர்த்து ஊதக் கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய சவ்வு போய்விடும். உங்கள் டிரம்மில் தண்ணீர் நிற்பதால் இப்போதைக்கு இதை விட்டுவிடலாம்.

சரி, சத்தமே இல்லாத கேஸுக்கு வருவோம். பிளக்கை எடுத்துவிட்டு பம்பின் இரண்டு வயரையும் கழற்றி, மல்டிமீட்டர் என்ற அளக்கும் கருவியை மின்தடை காட்டும் ஓமில் வைத்து பம்ப் முனைகளில் அளந்தால், வீட்டுக் கரண்டில் நேராக ஓடும் பம்புகள் பெரும்பாலும் 100 முதல் 200 ஓமுக்குள் காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே சுருள் அறுந்துவிட்டது, பம்ப் முடிந்தது. ஓமே இல்லாதது போல் மிகக் குறைவாகக் காட்டினாலும் முடிந்தது. இதில் ஒரு விலக்கு: புதிய மாடல்கள் சிலவற்றில் பம்பே நேர்மின்சாரத்தில் ஓடும் பிரஷ் இல்லாத மோட்டார், இரண்டுக்கு மேல் வயர் போகும். அதற்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. சுருள் நன்றாக இருந்தால் அடுத்த கேள்வி, பம்ப் ஓட வேண்டிய நேரத்தில் வயர் முனையில் 220 வோல்ட் வருகிறதா என்பது. இதை அளக்க மெஷினைத் திறந்து வைத்துக் கரண்ட் கொடுக்க வேண்டும், பக்கத்தில் தண்ணீரும் இருக்கும். எலக்ட்ரிகல் வேலை பழக்கம் இல்லாதவர் இதைச் செய்ய வேண்டாம், நான் அழுத்தமாகவே சொல்கிறேன். வோல்டேஜ் வந்தும் பம்ப் ஓடவில்லை என்றால் பம்ப். வராவிட்டால் முதலில் வயரைத் தேட வேண்டும்: எலிக்கடி, துருப்பிடித்த கனெக்டர். வயரும் சரி என்றால்தான் போர்டு. போர்டிலும் பம்புக்குக் கரண்டை விடும் சின்ன டிரையாக் ஒன்றுதான் பெரும்பாலும் போயிருக்கும். பல்லி குறுக்கே விழுந்து கருகிய போர்டுகளும் கைக்கு வரும். எலக்ட்ரானிக் பழுது பார்ப்பவர் கையில் கொடுத்தால் அந்த ஒரு பாகத்தை மட்டும் மாற்றித் தருவார்கள். மேலே பசை ஊற்றி மூடிய போர்டாக இருந்தால் அது கஷ்டம்.

பார்க்கும் வரிசை இப்படி இருக்கும்போது, போனிலேயே பம்பும் போர்டும் ஒன்றாகப் போயிருக்கும் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இரண்டும் சேர்ந்து போவது நடக்காதது இல்லை. பம்பின் சுருள் ஷார்ட் ஆகி டிரையாக்கையும் இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அளந்து பார்த்துச் சொல்ல வேண்டியது அது. வருபவரிடம் "பம்பில் எத்தனை ஓம் காட்டுகிறது, வயர் முனையில் வோல்டேஜ் வருகிறதா" என்று மட்டும் கேளுங்கள். வேலை தெரிந்தவர் மீட்டரைக் காட்டிப் பதில் சொல்வார். பம்ப் தனியாக மாற்றுவது போர்டோடு ஒப்பிட்டால் சின்னச் செலவு. பழைய பம்பைக் கழற்றி, அதன் ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண், வோல்ட், வாட், மூன்று ஸ்க்ரூவில் மாட்டுவதா திருகி மாட்டுவதா என்பதைப் பார்த்து அதே வகை வாங்க வேண்டும். இன்னொன்று, மெஷின் முகத்தில் ஒட்டியிருக்கும் பத்து வருட மோட்டார் வாரண்டி டிரம்மைச் சுற்றும் மோட்டாருக்குத்தான், டிரெயின் பம்புக்குப் பொதுவாக வராது. உங்கள் கார்டை ஒருமுறை படித்துவிடுங்கள். கூடுதல் வாரண்டி ஏதாவது வாங்கி அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் பலகை எதையும் கழற்ற வேண்டாம். ஃபில்டர் சுத்தம் செய்வது உரிமையாளர் வேலை என்று கையேட்டிலேயே இருக்கும், அதற்குத் தடையில்லை.

இதைப் படிக்கும் எல்லோரிடமும் ஃப்ரண்ட் லோடு இருக்காது என்பதால் டாப் லோடு பற்றியும் கொஞ்சம். நம் ஊரில் விற்கும் டாப் லோடு மெஷின்கள் நிறையவற்றில் பம்பே கிடையாது. அடியில் ஒரு வால்வு, அதை இழுக்க ஒரு சின்ன டிரெயின் மோட்டார். அது இழுத்தால் தண்ணீர் தன் எடையிலேயே கீழே இறங்கும். அதனால் பைப் தரையோடு கிடக்க வேண்டும். பாத்ரூம் நிலைப்படிக்கு மேலே ஏற்றி இறக்கியிருந்தால் தண்ணீர் அந்த மேட்டை ஏறாது. புது வீட்டுக்குக் குடிபோனபின் மெஷின் கெட்டுவிட்டது என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டில் முதலில் நான் பார்ப்பது இதைத்தான். அதே டிரெயின் மோட்டார்தான் ஸ்பின்னுக்கான கிளட்சையும் மாற்றிவிடும். அதனால் தண்ணீரும் போகவில்லை, ஸ்பின்னும் சுற்றவில்லை என்றால் இரண்டு கோளாறு இல்லை, ஒன்றுதான். வால்வில் காசோ பித்தானோ மாட்டினால் தண்ணீர் நிற்காமல் வடிந்துகொண்டே இருக்கும், அது வேறு புகார். செமி ஆட்டோமேட்டிக்கில் இன்னும் எளிது: டிரெயின் குமிழைத் திருப்பினால் ஒரு பட்டையோ கயிறோ வால்வு ரப்பரைத் தூக்கும். குமிழ் கையில் தொளதொளவென்று சுற்றினால் அந்தப் பட்டை அறுந்திருக்கிறது. பின்பலகையைக் கழற்றி மாற்றுவது சின்ன வேலை.

அடைப்பை எடுக்க பாத்ரூம் ஆசிட்டையோ குழாய் அடைப்புப் பவுடரையோ டிரம்மில் கொட்ட வேண்டாம். பித்தானும் ஊக்கும் அதில் கரையாது. ரப்பரும், டிரம்மைத் தாங்கும் அலுமினியக் கையும்தான் அரிக்கும், அது போனால் மெஷினை மாற்றுவதே மேல்.

எழுத்தில் படித்து நோய் சொல்வதற்கு எல்லை உண்டு. எனக்குத் தெரிந்தவரை, ஆறு வருட ஃப்ரண்ட் லோடு, திடீரென்று ஒரே ராத்திரியில் நின்றது, துண்டுகளும் பிள்ளைகள் யூனிஃபார்மும் என்று சேர்த்துப் பார்த்தால் முதல் சந்தேகம் ஃபில்டர் குழியில் மாட்டிய பொருள், இரண்டாவது பம்ப், போர்டு ரொம்பப் பின்னால். பக்கெட்டில் தண்ணீர் வந்ததா, ஃபில்டர் குழியில் என்ன கிடைத்தது, ஸ்பின் போட்டபோது முனகலா இரைச்சலா ஒன்றுமே இல்லையா, இந்த மூன்றையும் மெஷின் மாடல் எண்ணோடு எழுதுங்கள், அடுத்தது எங்கே கை வைப்பது என்று சொல்கிறேன். அதுவரை ஈரத் துணியை உள்ளே வைக்காதீர்கள், தண்ணீர் இறங்கியதும் எடுத்துக் கையால் ஒருமுறை அலசிக் காயப்போட்டுவிடுங்கள்.